அலசு தொட்டிக் குழாயை முதலில் மூடுங்கள்

கடந்த மாதம் ஒரு முலாம் பூசும் ஆலைக்குப் போயிருந்தேன். கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திய இயந்திரம் ஒன்று நின்றது. வெளிநாட்டு உதவித் திட்டத்தில் வந்த, கழிவுநீரை வடிகட்டும் சவ்வு வடிகட்டி. வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஓடியது ஐந்து மாதங்கள். சவ்வு அடைத்துக்கொண்டது. மாற்றுச் சவ்வு வாங்க யாரும் பணம் ஒதுக்கவில்லை. கையேடு அங்கே ஒருவருக்கும் தெரியாத மொழியில் இருந்தது. அங்கிருந்து பத்தடி தள்ளி, நிக்கல் முலாம் பூசும் தொட்டிக்கு அடுத்து, முலாம் பூசிய பொருளைக் கழுவும் அலசு தொட்டியில் குழாய் முழுவதும் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்போது உணவு இடைவேளை. தொட்டியருகே ஓர் ஆள்கூட இல்லை.

இப்படி முடங்கிக் கிடக்கும் இயந்திரங்களை எண்ணுவதை நான் நிறுத்தி வெகுநாளாகிறது. இந்த முறை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"தூய்மையான உற்பத்திக்கு நாங்கள் என்றோ மாறிவிட்டோம், சுத்திகரிப்பு நிலையம் கட்டியாகிவிட்டதே" என்றார் மேலாளர். என் பணிக்காலம் முழுவதும் என்னைத் துரத்தும் வாக்கியம் இதுதான். இல்லை ஐயா, இரண்டும் ஒன்றல்ல. சுத்திகரிப்பு என்பது கழிவு உண்டான பிறகு செய்யும் வேலை. தூய்மையான உற்பத்தி என்பது கழிவே உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. நிக்கல் ஒரு தனிமம்; எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் அதை அழிக்க முடியாது. காரம் சேர்த்து வீழ்படிவாக்கினால், அதாவது திடமாகப் படிய வைத்தால், அது நீரிலிருந்து கசடுக்குப் போகிறது, அவ்வளவுதான். கசடை மூட்டை கட்டி அடுக்கினால் இடம் மாறுகிறது, பொருள் அப்படியே இருக்கிறது. அந்த நிக்கலை நீங்கள் காசு கொடுத்து வாங்கினீர்கள். அதைத் தண்ணீரில் கரைத்து விட்டீர்கள். பிரித்தெடுக்க ரசாயனம் வாங்கினீர்கள். பிறகு கசடை அப்புறப்படுத்தவும் பணம் கட்டுகிறீர்கள். ஒரே பொருளுக்கு மூன்று முறை செலவு! அதனால்தான் ஓர் ஆலைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்பது கொள்முதல் பதிவேட்டை. கழிவுநீர்த் தொட்டியைப் பிறகுதான் பார்ப்பேன்.

இன்னும் நம்பாதவர்களுக்காக ஒரு கணக்கு. தொட்டியிலிருந்து தூக்கும் பொருளோடு மணிக்கு 1 லிட்டர் கரைசல் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று வையுங்கள். அது ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்க வேண்டும். ஒரே அலசு தொட்டி இருந்தால் மணிக்கு ஏறக்குறைய 1000 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு தொட்டிகளை வரிசையாக வைத்து, பொருள் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த் திசையிலும் போகும்படி செய்தால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டிகள் என்றால் 10 லிட்டர். நடைமுறையில் கலக்கம் சரியாக இல்லாததால் கொஞ்சம் கூடும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. முதல் தொட்டித் தண்ணீர் அப்போது போதிய அடர்த்தியோடு இருக்கும்; சூடான நிக்கல் தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக அதையே திருப்பி ஊற்றலாம். இதற்கு வெளிநாட்டு இயந்திரம் எதற்கு? பொருளைத் தொட்டிக்கு மேலே இன்னும் பத்து விநாடி தொங்கவிட்டுச் சொட்ட விடுவதற்கு எந்த நாட்டு நிபுணர் வர வேண்டும்?

நிபுணர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் நாடுகளின் ஒத்துழைப்பு தொடங்கியதே இயந்திரம் அனுப்புவதற்காக அல்ல என்பதுதான் என் வாதம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 1989இல் 'தூய்மையான உற்பத்தி' என்ற கருத்தை முன்வைத்தது. 1994இல் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பும் சேர்ந்து நாடுதோறும் தேசியத் தூய்மை உற்பத்தி மையங்களை அமைக்கத் தொடங்கியது. உள்ளூர்ப் பொறியாளர்களைப் பயிற்றுவித்து, அவர்கள் ஆலைக்குள் போய் எது எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கச் செய்வதே அதன் உயிர். அந்த உயிரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் கப்பலில் ஏற்றினால் தார்ப்பாய்க்குத்தான் வேலை.

ஒத்துழைப்பு சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் 1987இல் கையெழுத்திட்ட மாண்ட்ரியல் நெறிமுறையைப் பாருங்கள். வளரும் நாட்டு ஆலைகள் ஓசோனை அரிக்கும் வாயுக்களிலிருந்து மாறுவதால் ஏற்பட்ட கூடுதல் செலவை அதன் பலதரப்பு நிதியம் ஏற்றுக்கொண்டது. குளிர்பதனத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. பலரும் பேசாத ஒரு விவரம்: மாற்றம் முடிந்ததும் பழைய கருவியை உடைத்து அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்த ஊருக்கோ அடுத்த நாட்டுக்கோ விற்கப்பட்டு அங்கே புகையத் தொடங்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் கொண்டு குளோரின் தயாரிக்கும் முறைக்கு 2025ஐ முடிவாண்டாக வைத்தது. இத்தகைய கெடு நெருங்கும்போது மலிவாக வரும் பழைய கருவிகளை வாங்கவே வாங்காதீர்கள். பின்னால் அழுவீர்கள்.

மாண்ட்ரியலிலும் ஒரு பாடம் இருக்கிறது. மாற்றாக வந்த ஹைட்ரோபுளூரோகார்பன்கள் ஓசோனைக் கெடுக்கவில்லை. ஆனால் புவியைச் சூடாக்கின. அவற்றைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் அந்த நெறிமுறைக்குத் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. எனவே ஒரு பொருளுக்கு மாற்று என்று யார் எதை நீட்டினாலும், அது காற்றில் என்ன செய்யும், கசடில் என்ன செய்யும், கையில் பட்டால் என்ன செய்யும் என்று மூன்றையும் கேளுங்கள். எழுத்தில் பதில் தராத விற்பனையாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி, இயந்திரத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்.

தண்ணீர், மின்சாரம், மூலப்பொருள் மூன்றையும் குறைந்தது ஒரு மாதம் அளந்து எழுதுங்கள். அளக்காத ஆலைக்கு எந்த இயந்திரமும் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்ற பிறகு கம்ப்ரசரை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். காற்று கசிந்து சீறும் சத்தம் எல்லாம் உங்கள் மின்கட்டணம். உங்கள் கழிவுநீரையே கொடுத்துச் சோதனை ஓட்டம் கேளுங்கள், அவர்கள் ஊர்த் தண்ணீரில் ஓடியது உங்களுக்குச் சான்றாகாது. உதிரி பாகங்களுக்கும் மாற்றுச் சவ்வுக்கும் ஐந்தாண்டுக்கு யார் பணம் தருவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். கையேடு தொழிலாளி படிக்கும் மொழியில் வரும்வரை கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.

உதவி அளிக்கும் அமைப்புகளில் வேலை செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திட்ட அறிக்கையில் நிறுவிய இயந்திரங்களின் எண்ணிக்கையை எழுதுகிறீர்கள். இரண்டு ஆண்டு கழித்து ஓடுகிறவற்றின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். ஆலையில் இரவுப் பணியில் நிற்கும் தொழிலாளியிடம் ஒருமுறை பேசுங்கள். எந்த வால்வு கசிகிறது, எந்தத் தொட்டி வழிகிறது என்று அவருக்குத் தெரியும். என் ஆய்வறிக்கைகளில் உருப்படியான யோசனைகளில் பாதி அவரைப் போன்றவர்கள் சொன்னவைதான்.

அந்த ஆலையில் நீர்மானி இல்லை. வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்து மேலாளரும் நானும் அலசு தொட்டிக் குழாயை அளந்தோம். எண்ணைத் தாளில் எழுதியபின் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாமே எழுந்து போய் வால்வை மூடினார். கிடங்கில் காலித் தொட்டி ஒன்று கிடந்தது. அதைக் கழுவி இரண்டாவது அலசு தொட்டியாக வைக்கும் வேலை நடக்கிறது. அது ஓடி ஒரு மாதக் கணக்கு கைக்கு வந்த பிறகு தார்ப்பாயை விலக்கிப் பார்ப்போம். மிச்சமிருக்கும் தண்ணீருக்கு அந்தச் சவ்வு வேண்டுமா, வேண்டாமா என்பது அப்போது தெரியும்.