யூரியாப் பையின் நெடியும் புகைபோக்கியும்

சம்மாந்துறைப் பக்கம் பெரும்போகத்துக்குப் பசளை எறிந்தவர்களுக்கு இந்த நெடி தெரியும். ஈரம்பட்டுக் கிடந்த யூரியாப் பையை அவிழ்த்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறும், கண் கலங்கும். அதுதான் அமோனியா. நிலக்கரி மின்நிலையங்களிலும் சீமெந்து ஆலைகளிலும் இதே அமோனியாவைப் புகைக்குள் வேண்டுமென்றே தெளிக்கிறார்கள்.

கடும் சூட்டில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகின்றன. அமில மழைக்கு இவையும் ஒரு காரணம். 300 முதல் 400 பாகை செல்சியஸ் சூட்டில், வனேடியம் என்ற உலோகம் கலந்த ஊக்கியின் (தான் மாறாமல் தாக்கத்தை விரைவாக்கும் பொருளின்) மேல் அமோனியா இவற்றை வெறும் நைதரசனும் நீராவியுமாக ஆக்கிவிடும். சீமெந்துச் சூளையில் பெரும்பாலும் ஊக்கி கிடையாது; 850 பாகைக்கு மேற்பட்ட சூடே போதும்.

சரி, நிறையத் தெளித்துவிட்டால் என்ன? மிஞ்சுவது தப்பி ஓடும். புகையிலுள்ள கந்தக மூவொட்சைட்டோடு சேர்ந்து, சூடு தணியும் இடத்தில் பிசின் போன்ற உப்பாகப் படிந்து குழாய் இடுக்குகளை அடைக்கும். சாம்பலிலும் ஏறும். அந்தச் சாம்பல் கலந்த சீமெந்தில் தண்ணீர் விட்டுக் குழைக்கும் மேசனுக்கும் அதே பசளைப் பை நெடிதான். அதனால் தப்புவதைப் பத்து இலட்சத்தில் ஒருசில பங்குக்குள் வைக்கப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு சொற்பத்தை அளப்பதுதான் பெரும்பாடு. புகையைக் குழாயால் உறிஞ்சி எடுத்தால் அமோனியா குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு துளி நீர் இருந்தாலும் அதில் கரைந்துவிடும். கருவிக்கு வந்து சேர்வது மிச்சம் மீதிதான். குழாயைச் சூடாக்கி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அதைவிடப் புகையை எடுக்காமலே அளப்பது நல்லது. புகைவழியின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை விடுகிறார்கள். சுமார் 1.5 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் அமோனியா ஒளியை விழுங்கும். எவ்வளவு மங்குகிறதோ, அதை வைத்துக் கணக்கு. சாம்பல் அடர்த்தியாக வந்தால் ஒளி மறுபக்கம் போய்ச் சேராது என்பது வேறு தலைவலி.

சூட்டில் அமோனியாவாக மாறும் யூரியாக் கரைசலை ஊற்றி ஓடும் டீசல் லொறிகளிலும் சின்ன அளவில் இதே வேலைதான். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. நைதரசன் ஒட்சைட்டை அளக்கும் உணரி அமோனியாவையும் அதுவென்றே எண்ணிவிடும். உடனே கணினி இன்னும் யூரியாவைத் தெளித்தால் நிலைமை மோசமாகும். ஆகவே சந்தேகம் வந்தால் சற்று நேரம் தெளிப்பைக் குறைத்துப் பார்க்கலாம். அளவு இறங்கினால் தப்பியது அமோனியா, ஏறினால் நைதரசன் ஒட்சைட்டு.