சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் மதுபானம் எடுத்துச் செல்லலாமா, திரும்பக் கொண்டுவரலாமா?

சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிற ஒருவர் பையில் ஒரு போத்தல் வைத்திருந்தால் அவர் இரண்டு தனித்தனி விதிகளுக்கு உட்படுகிறார். ஏறும்போது கப்பல் நிறுவனம் வகுத்த நிபந்தனை. திரும்பி வந்து இறங்கும்போது சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் சட்டம். நிறுவனத்தின் நிபந்தனையை மீறினால் போத்தலை இழப்பதோடு முடிந்துவிடக்கூடும். சுங்கச் சட்டத்தை மீறினால் அபராதம், சில சமயம் வழக்கு. "கப்பல்காரர்களே கடைசி நாளில் போத்தலைக் கையில் கொடுத்தார்களே, பிறகு எதற்கு வரி?" என்ற கேள்வி இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் வருகிறது. கப்பலின் அனுமதி கப்பலுக்குள் மட்டுமே செல்லும்.

ஏறும்போது

பெரும்பாலான நிறுவனங்களின் நிலை இது: விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா போன்ற ஸ்பிரிட் வகை எதற்கும் அனுமதி இல்லை; பியருக்கும் பொதுவாக இல்லை; ஒயினுக்கு மட்டும் அளவோடு அனுமதி. சிங்கப்பூரிலிருந்து கப்பல் விடும் ராயல் கரீபியனில், குடிக்கும் வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஏறும் நாளில் 750 மி.லி. அளவுள்ள, முத்திரை உடையாத ஒரு போத்தல் ஒயின் அல்லது ஷாம்பெயின் கொண்டுவரலாம். டிஸ்னி குரூஸ் லைனின் பொது விதி சற்றுத் தாராளமானது: பெரியவர் ஒருவருக்கு இரண்டு போத்தல் ஒயின், அல்லது ஆறு பியர். அமெரிக்கப் பயணங்களில் நார்வீஜியன் நிறுவனம் எத்தனை ஒயின் போத்தலையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் திறப்புக் கட்டணம் (வெளியிலிருந்து கொண்டுவந்த போத்தலுக்குக் கப்பல் வாங்கும் தொகை) வாங்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டும் வரக்கூடாது என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு, எம்எஸ்சி அப்படி. ஆகவே பொதுவாகக் கேள்விப்பட்டதை நம்பாதீர்கள். உங்கள் பயணச்சீட்டோடு வந்த நிபந்தனைப் பக்கத்தில் மதுபானம் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். ஒரே நிறுவனமே விதியை ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில் மாற்றியதுண்டு.

அனுமதிக்கப்பட்ட ஒயினிலும் மக்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. போத்தல் கைப்பையில் இருக்க வேண்டும். துறைமுக வாசலில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்குள் வைத்தால், ஊடுகதிர்ச் சோதனையில் போத்தலின் உருவம் தெரிந்ததும் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். மாலையில் அறைக்கு வர வேண்டிய பெட்டி வராது. நீங்கள் தேடிப் போய், அலுவலர் முன்னால் திறந்து காட்டி வாங்க வேண்டும். மாற்றுத்துணி, மருந்து எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தால் முதல் மாலை வீண். இன்னொன்று, 750 மி.லி. என்றால் 750 மி.லி. தான். இருவருக்குச் சேர்த்து 1.5 லிட்டர் போத்தல் ஒன்று என்ற வாதம் வாசலில் எடுபடாது.

அறையிலேயே குடித்தால் பொதுவாகக் கட்டணம் இல்லை. அதே போத்தலை உணவுக்கூடத்துக்கோ மதுக்கூடத்துக்கோ எடுத்துப் போனால் திறப்புக் கட்டணம் விழும். கார்னிவல் நிறுவனத்தில் அது 750 மி.லி. போத்தலுக்கு 15 அமெரிக்க டாலர். மலிவான ஒயின் என்றால் போத்தலின் விலையைவிடத் திறப்புக் கட்டணம் கூடுதலாகிவிடும்.

தண்ணீர் போத்தலிலோ வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலிலோ ஊற்றிக் கொண்டுபோகும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். சோதனை அலுவலர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கும் தந்திரம் அது. முத்திரை உடைந்த போத்தலைத் திறந்து முகர்ந்து பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. பிடிபட்டால் மது கொட்டப்படும். பயணத்தையே முடித்துக் கரையில் இறக்கிவிடும் அதிகாரமும் பயண ஒப்பந்தத்தில் நிறுவனத்துக்கு இருக்கிறது.

வழியில் வாங்கினால்

பினாங்கிலோ புக்கெட்டிலோ இறங்கி ஒரு போத்தல் வாங்கி வந்தால், கப்பல் ஏணியடியில் உள்ள சோதனையில் அதை ஒப்படைக்கச் சொல்வார்கள். உங்கள் பெயரும் அறை எண்ணும் எழுதிய சீட்டுத் தருவார்கள்; போத்தல் பயணத்தின் கடைசி இரவிலோ இறங்கும் காலையிலோ திரும்ப வரும். கப்பலுக்குள் இருக்கும் தீர்வையற்ற கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் இதே நடைமுறைதான். சீட்டைத் தொலைக்காதீர்கள். கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடும் வழக்கம் இருப்பதால், திரும்பி வரும் போத்தலுக்குக் கைப்பையில் முன்கூட்டியே இடம் விட்டு வையுங்கள்.

திரும்பி இறங்கும்போது

பணம் கரைவது இங்கேதான், அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சிங்கப்பூருக்குள் மதுபானத்தைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரும் சலுகை பெற நான்கு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும். வயது 18 அல்லது அதற்கு மேல். வந்து சேர்வதற்கு முன் தொடர்ச்சியாக 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. கொண்டுவரும் மது சொந்தப் பயன்பாட்டுக்காக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சலுகை குறையாது, முழுவதுமாகப் போய்விடும்.

மலேசியா பற்றிய நிபந்தனை கப்பல் பயணிகளை அதிகம் பாதிக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பயணங்களில் போர்ட் கிள்ளான், பினாங்கு, லங்காவி, புக்கெட் ஆகியவை வழக்கமான நிறுத்தங்கள். கப்பல் கடைசியாக எந்தத் துறைமுகத்தில் நின்றுவிட்டுச் சிங்கப்பூருக்கு வருகிறது என்று பாருங்கள். முதலில் பினாங்கு, பிறகு புக்கெட், அங்கிருந்து நேரே சிங்கப்பூர் என்றால் நீங்கள் தாய்லாந்திலிருந்து வருகிறீர்கள். மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் சலுகை உண்டு. முதலில் புக்கெட், பிறகு பினாங்கு என்றால் மலேசியாவிலிருந்து வருகிறீர்கள், சலுகை இல்லை. அதே கப்பல், அதே இரண்டு ஊர். வரிசை மாறினால் வரி மாறும். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு என்பதால் அங்கே விலை குறைவு, ஆனால் அதுவும் மலேசியாதான். அங்கே குறைத்து வாங்கிய தொகை இங்கே தீர்வையாகப் போகும்.

அடுத்தது 48 மணி நேரம். வெள்ளி மாலை 5 மணிக்குப் புறப்பட்டு ஞாயிறு காலை 11 மணிக்குத் திரும்பும் இரண்டு இரவுப் பயணத்தின் மொத்த நேரம் 42 மணிதான். சலுகைக்கு ஆறு மணி நேரம் குறைகிறது. வார இறுதிப் பயணம் போகிறவர்கள் கப்பலின் தீர்வையற்ற கடைக்குள் நுழையும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

சலுகைக்குத் தகுதி இருந்தால் அளவு என்ன? மதுவை ஸ்பிரிட், ஒயின், பியர் என மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஏதேனும் இரண்டு வகையில் தலா ஒரு லிட்டர் எடுக்கலாம். அல்லது ஒயின் மட்டும் 2 லிட்டர், அல்லது பியர் மட்டும் 2 லிட்டர். ஸ்பிரிட் மட்டும் 2 லிட்டர் என்ற தெரிவு கிடையாது. இரண்டு லிட்டர் விஸ்கி கொண்டுவந்தால் ஒரு லிட்டருக்குத் தீர்வை கட்ட வேண்டும். இந்த ஏற்பாடு 2019 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன்பு மூன்று வகையிலும் ஒவ்வொரு லிட்டர் கொண்டுவர முடிந்தது. பழைய நினைவில் மூன்று போத்தலோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழந்தைகளின் பெயரில் கூடுதலாகக் கொண்டுவர முடியாது, 18 வயது நிரம்பாதவருக்குச் சலுகையே இல்லை.

பயணிகளுக்கான பொருள் சேவை வரி விலக்கு என்று தனியே ஒன்று உண்டு: 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), குறைவாக இருந்தவருக்கு 100 வெள்ளி மதிப்புள்ள பொருள்களுக்கு வரி இல்லை. துணிமணி, மிட்டாய், கைப்பை போன்றவற்றுக்கானது அது. மதுவும் புகையிலையும் அதில் சேராது. "100 வெள்ளிக்குள்தானே வாங்கினேன்" என்பது மதுவுக்குப் பொருந்தாத வாதம்.

தீர்வை எவ்வளவு வரும்?

போத்தலின் விலையை வைத்துத் தீர்வை போடுவதில்லை. அதில் உள்ள சுத்த ஆல்கஹாலின் அளவுக்குத்தான் தீர்வை. ஸ்பிரிட்டுக்கும் ஒயினுக்கும் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. பியருக்குச் சுங்கத் தீர்வை 16, உற்பத்தித் தீர்வை 60, ஆக 76 வெள்ளி. அதற்கு மேல், போத்தல் விலையையும் தீர்வையையும் கூட்டி வரும் தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி.

60 வெள்ளிக்கு வாங்கிய ஒரு லிட்டர் விஸ்கியை எடுத்துக்கொள்வோம், 43 விழுக்காடு. ஆல்கஹால் 0.43 லிட்டர், 88 ஆல் பெருக்கினால் 37.84 வெள்ளி தீர்வை. 60-உம் 37.84-உம் சேர்ந்து 97.84; அதில் 9 விழுக்காடு 8.81. கட்ட வேண்டியது 46.65 வெள்ளி. 20 வெள்ளி விலையுள்ள 750 மி.லி. ஒயின், 13.5 விழுக்காடு என்றால் தீர்வை 8.91, வரி 2.60, மொத்தம் 11.51. பியர் லேசானது என்று 330 மி.லி. கேன் 24 வாங்கி வந்தால் 7.92 லிட்டர்; 5 விழுக்காட்டுப் பியரில் 0.396 லிட்டர் ஆல்கஹால். தீர்வை மட்டும் 30.10 வெள்ளி. தீர்வை கட்டியும் லாபமா என்பதை வாங்கும் இடத்திலேயே கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்த்துவிடலாம். லேபிளில் உள்ள விழுக்காடும் போத்தலின் அளவும் போதும்.

கூடுதலாக இருந்தால் நீங்களாகச் சிவப்பு வழிக்கு (தீர்வைக்குரிய பொருள் உள்ளவர்கள் போகும் சுங்க வழி) போய் அறிவித்து, தீர்வையைக் கட்டிவிட்டுப் போகலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. வந்து இறங்கும் முன்பே சுங்கத்துறையின் இணையச் செயலியில் அறிவித்துப் பணம் கட்டும் வசதியும் இருக்கிறது. வாங்கிய ரசீதை வைத்திருங்கள். அறிவிக்காமல், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து பிடிபடுவதுதான் குற்றம். அப்போது வழக்குக்குப் போகாமல் முடித்துக்கொள்ள 5,000 வெள்ளி வரை சமரசத் தொகை கேட்கலாம். வழக்கு நடந்து குற்றம் நிரூபணமானால் ஏய்த்த தீர்வை, வரியைப் போல் 20 மடங்கு வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. பதினோரு வெள்ளி ஒயின் தீர்வைக்காக யாரும் அந்த நிலைக்குப் போக வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து விமானத்தில் வந்து, இரண்டு நாள் சிங்கப்பூரில் தங்கி, பிறகு கப்பல் ஏறும் குடும்பங்கள் நிறைய. விமான நிலையத்தில் வாங்கிய ஒரு லிட்டர் விஸ்கி சிங்கப்பூருக்குள் சலுகையில் வந்துவிடும். அதே போத்தலோடு கப்பலுக்குப் போனால் ஸ்பிரிட் என்பதால் வாசலில் எடுத்துக்கொள்வார்கள். நல்ல மனதோடு பத்திரப்படுத்தித் திருப்பிக் கொடுத்தாலும், கப்பல் பினாங்கிலிருந்து வந்தால் விதிப்படி அது இப்போது மலேசியாவிலிருந்து வரும் மது, தீர்வை உண்டு. விடுதியின் பெட்டி காப்பகத்திலோ உறவினர் வீட்டிலோ விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவதே வழி. இன்னும் எளிது, ஊர் திரும்பும் நாளில் வாங்குவது.

இந்தியச் சுங்க விதி வேறு மாதிரி. பயணி ஒருவர் மதுவோ ஒயினோ மொத்தம் 2 லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். அங்கே வகைப் பிரிவு இல்லை, இரண்டு லிட்டரும் விஸ்கியாக இருக்கலாம். 750 மி.லி. போத்தல் மூன்று என்றால் 2.25 லிட்டர், கால் லிட்டர் கூடுதல். கணவன் மனைவி தனித்தனியே இரண்டு லிட்டர் கொண்டுபோகலாம். ஆனால் ஒருவர் பங்கை இன்னொருவர் கணக்கில் சேர்க்க விதி இடம்தரவில்லை. ஆகவே போத்தல்கள் அவரவர் பையில், அவரவர் பெயரில் ரசீதோடு இருக்கட்டும்.

கப்பலில் வாங்கியதை விமானத்தில் எடுத்துப்போகும்போது, கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் அனுமதி இல்லை என்பதால் அது சரக்குப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். 24 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ளவை, கடையில் வாங்கிய பொதி பிரிக்காமல், ஒருவருக்கு 5 லிட்டர் வரை செல்லும். 70-ஐத் தாண்டினால் விமானத்தில் எந்தப் பையிலும் இடமில்லை. சாங்கி விமான நிலையத்தில் வாங்கினால் முத்திரையிட்ட பையில் தருவார்கள். அதைக் கைப்பையோடு கொண்டுபோகலாம். கொழும்பு வழியாக மாறிப் போகிறவர்கள் அந்தப் பையைச் சென்னை வரும்வரை திறக்கக் கூடாது. முத்திரை உடைந்திருந்தால் மாறும் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையிலேயே போத்தலை எடுத்துவிடுவார்கள்.