காட்சியா, கையா? சைகை மொழி மாணவருக்கு ஒன்லைனில் சினிமா படிப்பிக்கும் முறை

திரைப்பட வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் கதைப்பார்கள். "இப்ப அவள் திரும்பிப் பார்க்கிறாள், உடனே வெட்டு, அடுத்த ஷொட்டில் யன்னல்." காது கேட்கிற மாணவருக்கு இது வசதி. கண் படத்தில் இருக்கும், காது ஆசிரியரிடம் இருக்கும். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற ஓர் இடத்தில் படித்து, தோழிகளோடு சைகையில் கதைத்து வளர்ந்த ஒரு பிள்ளை அதே ஒன்லைன் வகுப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? மொழிபெயர்ப்பாளர் திரையின் மூலையில் சின்னப் பெட்டிக்குள் நிற்பார். அவருடைய கையைப் பார்த்தால் வெட்டை, அதாவது ஒரு ஷொட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை, தவறவிட வேண்டும். வெட்டைப் பார்த்தால் விளக்கம் போய்விடும். பாடத்தின் உயிரே அந்த வெட்டுத்தான்.

இதற்குக் காரணம் கண்ணின் அமைப்பு. கையை நேரே நீட்டிப் பெருவிரலைப் பாருங்கள். அதன் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 2 பாகை. விழித்திரையின் நடுப்பள்ளம் மிகக் கூர்மையாகப் பார்ப்பது அவ்வளவு பரப்பைத்தான். மற்றதெல்லாம் மங்கல். சைகை மொழி பேசுகிறவர்கள் பொதுவாக எதிரே இருப்பவரின் முகத்தில்தான் பார்வையை நிறுத்துகிறார்கள், கைகளை ஓரப் பார்வையால் பிடித்துக்கொள்கிறார்கள். பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்துவதே ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்கிவிடும், ஆகவே முகத்தை விட முடியாது. சிறுவயதிலிருந்தே காது கேளாதவர்களுக்கு ஓரப் பார்வையின் கவனம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் ஒரு நடிகையின் கண் எந்தப் பக்கம் அசைந்தது என்பதை ஓரப் பார்வையால் படிக்க முடியாது.

அதனால் பாடத்தை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டும். முதலில் காட்சி மட்டும், விளக்கமே இல்லாமல். பிறகு படத்தை நிறுத்திவிட்டு, சைகையில் விளக்குபவர் முழுத் திரையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தேவையான இடத்தில் ஓர் அசையாப் படத்தைப் பக்கத்தில் வைத்து, அதைச் சுட்டிக்காட்டி, மாணவி பார்த்து முடிக்கும்வரை கைகளை இறக்கி வைத்திருக்க வேண்டும். அப்புறம் அதே காட்சி மறுபடியும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், உண்மைதான். அதற்காக 5 காட்சி காட்டுகிற இடத்தில் 2 காட்டினால் போதும். என்னைக் கேட்டால், கேட்கும் மாணவர்களும் இப்படிப் படித்தால் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

சப்டைட்டில் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இணையத்தளங்களுக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டியும் பதிவு செய்த வீடியோவுக்குச் சப்டைட்டிலை அடிப்படை நிலையிலும், சைகை மொழிபெயர்ப்பை மிக உயர்ந்த நிலையிலும் வைத்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையோடு நின்றுவிடுவதால் சைகை விடுபட்டுப் போகிறது. சைகை மொழிக்கு அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்த வில்லியம் ஸ்டோக்கோ 1960இலேயே அதை எழுதிக் காட்டினார். சைகையை முதல் மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. "இங்கே பாருங்கோ" என்று சப்டைட்டில் சொன்னால் எங்கே என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

படம்பிடிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், ஏறக்குறைய 1/50 நொடி. அசைவில் வரும் அந்த மெல்லிய கலங்கல் படத்துக்கு அழகு. சைகைக்கு அதே கலங்கல் எழுத்தை அழித்த மாதிரி. விரல்களால் ஒரு பெயரை எழுத்துக்கூட்டும்போது பாதி விரல் கரைந்துவிடும். 25 அல்லது 30 பிரேமில் எடுத்து, ஷட்டரை 1/100 நொடியை விட வேகமாக்கினால் விரல்கள் பிரிந்து தெரியும். அப்போது வெளிச்சம் கூட வேண்டும். வீட்டு விறாந்தையில் காலை வெளிச்சத்தைப் பார்த்து நின்றால் அதுவே போதும், கரண்ட் போனாலும் கவலையில்லை. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். தலைக்கு மேலும் முழங்கைக்கு வெளியிலும் கொஞ்சம் இடம் விட்டு, இடுப்புவரை பிரேமில் வர வேண்டும். நம்முடைய மாநிறக் கைகள் எடுபட வெளிர்நீலம் மாதிரி ஒரே நிறச் சட்டை நல்லது. கறுப்புச் சட்டையும் கோடு போட்ட சட்டையும் வேண்டாம்.

போன் டேட்டாவில் பார்க்கும் பிள்ளைகளை மறக்கக் கூடாது. இணைப்பு மெதுவானால் வீடியோ சுருக்கப்படும், வேகமாக அசையும் பகுதிதான் முதலில் சிதையும். அந்தப் பகுதிதான் கை. ஆகவே படத்தின் அளவைக் குறைத்தாலும் பிரேம் எண்ணிக்கையைக் குறைக்காத ஒரு சிறிய கோப்பைத் தரவிறக்க வைப்பது அவசியம்.

நேரடி வகுப்பில் இன்னொரு சிக்கல். சந்திப்புச் செயலிகள் பெரும்பாலும் சத்தத்தை வைத்துத்தான் கதைப்பவரைப் பெரிதாக்கிக் காட்டும். சைகையில் கேள்வி கேட்கிற மாணவி எவ்வளவு நேரம் கேட்டாலும் சின்னக் கட்டத்துக்குள்ளேயே இருப்பாள். வகுப்பை நடத்துபவரே அவளைச் செயலியில் தெரிவுசெய்து பெரிய திரைக்குக் கொண்டுவந்து, எல்லோருடைய கண்ணும் அங்கே வந்த பிறகுதான் அவளைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

'மொன்டாஜ்' (ஷொட்டுகளை அடுக்கிப் பொருள் உண்டாக்கும் உத்தி) போன்ற சொற்களுக்கு ஆயத்தமான சைகை இல்லாமல் போகலாம். மாணவர்கள் அந்த உத்தியைப் பார்த்து, தங்களுக்குள் ஒரு சைகையைத் தீர்மானித்து, பதிவு செய்து வைக்கட்டும். அவர்கள் வெறுங்கையோடு வருகிறவர்கள் இல்லை. சைகையில் கதை சொல்பவர் ஒரு கணம் கையாலேயே தெருவில் போகும் காரைக் காட்டுவார், மறுகணம் தோளும் முகமும் மாறி அந்தச் சாரதியாகவே ஆகிவிடுவார். தூரக் காட்சியும் அண்மைக் காட்சியும் அதற்குள் இருக்கின்றன.

சினிமாவும் ஒருகாலத்தில் அவர்களுக்குச் சம உரிமையோடு கிடைத்தது. மௌனப் படங்களில் எழுத்து அட்டைகள் இருந்தன. 1920களின் கடைசியில் பேசும் படம் வந்ததும் அவை மறைந்தன. எமர்சன் ரொமேரோ என்ற காது கேளாத நடிகர் 1947இல் பேசும் படச்சுருள்களை வெட்டி, நடுவே எழுத்து அட்டைகளைத் தானே செருகினார்.

ஒலி பற்றிய பாடத்தை இந்த மாணவர்களுக்கு விட்டுவிடலாம் என்று நினைப்பது பெரிய அநியாயம். காட்சிக்குக் கீழே ஒலி அலையின் வரைபடத்தை ஓடவிடுங்கள். சத்தம் எங்கே எழுகிறது, எங்கே அடியோடு நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு நெஞ்சில் விழும் அந்த அதிர்வு புதிதில்லை. அதன் பிறகு, தான் எடுத்த ஒரு நிமிடக் காட்சியில் சத்தம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று குறிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுங்கள்.