நோயாளியின் மனத்தில் இருக்கும் நோய்

கழுத்தில் கட்டியோடு வந்து, நிணநீர்ப் புற்று என்று தெரிந்து, கீமோ எனும் மருந்துச் சிகிச்சை தொடங்கிய ஒருவர், இரண்டாம் சுற்றிலேயே கட்டி கரைந்துவிட்டதைக் கண்டு மிச்சச் சுற்றுகளுக்கு வராமல் உசிலம்பட்டிக்கோ கமுதிக்கோ திரும்பிவிட்டால், அதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவரளவில் அது முறையான தர்க்கம். கையில் தட்டுப்பட்டதே நோய்; இப்போது தட்டுப்படவில்லை.

நோயாளி தம் நோயைப் பற்றி வரைந்துகொள்ளும் இந்த மனச்சித்திரத்தை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தால். 1980இல் அவரும் உடன் பணியாற்றியோரும் முன்வைத்து, பின்னர் விரிவாக்கப்பட்ட கருத்தின்படி, இது என்ன நோய், எதனால் வந்தது, எவ்வளவு காலம் இருக்கும், என்னவெல்லாம் செய்யும், எதற்குக் கட்டுப்படும் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் தாமாகவே விடை அமைத்துக்கொள்கிறார்கள். அந்த விடைகள் உடம்பின் உணர்வுகளிலிருந்தும், அதே நோயில் இறந்த சித்தியின் நினைவிலிருந்தும், பக்கத்துப் படுக்கைக்காரரின் பேச்சிலிருந்தும் உருவாகின்றன. மருத்துவரின் சொல் அவற்றுள் ஒன்று மட்டுமே. நிணநீர்ப் புற்றுக்குக் கீமோ பெற்றவர்களைப் பற்றி இக்குழுவினர் 1982இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வியப்பு உண்டு. கட்டி மெல்ல மெல்லச் சுருங்கியவர்களைவிட, அது சட்டென மறைந்தவர்களே அதிகம் கலங்கினர். நோய்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்த வாந்தியும் ஊசியும் என்ற கேள்விக்கு அவர்களுடைய சித்திரத்தில் விடை இல்லை. கண்ணுக்கும் கைக்கும் தப்பிய செல்கள் மிச்சம் இருக்கலாம் என்பதை முதல் சுற்றுக்கு முன்பே சொல்லவேண்டியதன் காரணம் இதுதான்.

காரணம் தேடுவதையும் யாராலும் தடுக்க முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மார்பகப் புற்றுக்கு ஆளான 78 பெண்களை ஆராய்ந்த உளவியலாளர் ஷெல்லி டெய்லர், அவர்களுள் நூற்றுக்கு 95 பேர் ஏதேனும் ஒரு காரணத்தைச் சொன்னதாக 1983இல் எழுதினார். எதைக் காரணமாக நினைத்தார்கள் என்பது பெரும்பாலும் அவர்கள் தேறுவதைப் பாதிக்கவில்லை. இன்னொருவர்மேல் பழிபோட்டவர்கள் மட்டுமே தேறச் சிரமப்பட்டனர். நம் பக்கத்தில் 'தலையெழுத்து' என்பவரையும் 'பங்காளி வைத்த செய்வினை' என்பவரையும் மூடநம்பிக்கை என்று ஒன்றாகத் தள்ளிவிடுகிறோம். மனத்துக்குள் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலாமவர் கேள்வியை அங்கேயே முடித்துவிடுகிறார்; இரண்டாமவருக்கு நோயோடு ஒரு பகையும் சேர்ந்துகொள்கிறது. நோய் தம் முயற்சிக்கோ மருத்துவரின் கைக்கோ கட்டுப்படும் என்று நம்பிய பெண்கள் நன்றாகத் தேறினர் என்பதும் அதே ஆய்வின் முடிவு. மதுரைப் பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, ஊசியையும் தவறாமல் போட்டுக்கொள்பவரைக் கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை.

சிக்கல் பெரும்பாலும் வீட்டாரின் அன்பில்தான் தொடங்குகிறது. "அம்மாகிட்ட சொல்லிராதீக, வெறும் கட்டின்னு சொல்லுங்க" என்று மகன் மருத்துவரைத் தனியே பிடித்துக் கெஞ்சுவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. ஆனால் மதுரை பாலரெங்காபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் கரண்டு வைப்பதற்காக, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக, வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரங்கள் வரிசையில் அமர்பவருக்குப் பெயர்ப்பலகையும் அருகிலிருப்போர் பேச்சும் போதும். அம்மாவுக்குத் தெரியும்; தமக்குத் தெரியும் என்பது மகனுக்குத் தெரியவேண்டாம் என்று அவரும் மறைக்கிறார். தெரியாமல் வைத்தால் பயம் வராது என்பது நடப்பதில்லை. கேட்க ஆளில்லாத பயமாக அது மாறுகிறது. அதற்காக ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டவும் கூடாது. அவருக்கு இதுவரை என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டுப் படிப்படியாகச் சொல்வதே முறை.

"தைரியமா இருந்தா நோய் ஓடிரும்" என்ற ஆறுதலையும் சற்று ஆராயவேண்டும். 1979இல் ஸ்டீவன் கிரீரும் உடனிருந்தோரும் மார்பகப் புற்றுக்கு ஆளான பெண்களிடம் நடத்திய சிறிய ஆய்வில், போராடும் மனம் கொண்டவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததாகத் தெரிந்தது. பின்னர் மேகி வாட்சனும் குழுவினரும் தொடக்கநிலை மார்பகப் புற்று கொண்ட 578 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் முடிவுகளை வெளியிட்டபோது, போராட்ட மனத்தால் ஆயுள் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. 'இனி ஒன்றுமில்லை' என்று கைவிட்டவர்களிடம் மட்டும் ஓரளவு பாதகம் தென்பட்டது. எனவே அழுபவரை அழவிடலாம். நோய் திரும்பினால் அது தம் கோழைத்தனத்தால் என்று அவர் எண்ணும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது.

மனத்துன்பத்தை 0 முதல் 10 வரை நோயாளியையே குறிக்கச் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று புழக்கத்தில் உள்ளது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேலும் விசாரிக்கவேண்டும். சிகிச்சை முடிந்தவர்களிடமும் இதைக் கேட்பது அவசியம். ஏனெனில் தினமும் மருத்துவமனைக்கு வந்துபோன காலத்தில் இல்லாத அச்சம், வீட்டில் சும்மா இருக்கும்போது, அதுவும் மறுபரிசோதனைத் தேதி நெருங்கும்போது, சாதாரண முதுகுவலியைக்கூட நோய் திரும்பியதாகக் காட்டும். எந்த அறிகுறிக்கு உடனே பேருந்து ஏறவேண்டும், எதை இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த வலியை என்ன செய்வது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.