லோகோவை மாற்றினீர்கள், கடைக்கார அம்மாவிடம் சொன்னீர்களா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பது மணிகூட ஆகவில்லை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் ஒரு சிறிய ஸ்டார்ட்அப்பிலிருந்து அழைப்பு. "அக்கா, வெள்ளிக்கிழமை ரீபிராண்டிங் செய்தனாங்கள், பேரையும் தோற்றத்தையும் மாத்தினனாங்கள். சனிக்கிழமையிலிருந்து ஓடர் பாதியாக் குறைஞ்சு போச்சு. டிசைனில ஏதும் பிழையோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?" இந்த வருடம் இப்படி வந்த நாலாவது அழைப்பு இது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சிறு கடைக்காரர்கள் மொத்த வியாபாரிகளிடம் சாமான் ஓடர் பண்ணும் செயலி அவர்களுடையது. இரண்டு வருடமாக நன்றாகவே ஓடியது. பச்சை ஐகன், தமிழ்ப் பெயர். வெள்ளி இரவோடு இரவாகப் பெயர் ஆங்கிலமாகிவிட்டது, பச்சை ஊதாவாகிவிட்டது, உள்நுழைவதற்கான ஓ.ரி.பி. எண் வரும் குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயரும் மாறிவிட்டது. இந்த அனுப்புநர் பெயரை எங்கள் தொழிலில் மாஸ்க் என்போம். 11 எழுத்துக்கு மேல் போகாது. அதற்குள் புதுப் பெயரை அடக்க, உயிரெழுத்துகளை எல்லாம் பிடுங்கி, யாருக்கும் விளங்காத ஒன்றை வைத்திருந்தார்கள்.

அன்று மத்தியானமே அவர்களையும் கூட்டிக்கொண்டு சுன்னாகம் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, ஃபோனைக் கையெட்டத்தில் பிடித்தபடி, திரையைப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பச்சையைத் தேடினார். மூன்று தடவை போய் வந்தார். ஊதா ஐகன் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் தொட்டுக் காட்டினேன்.

"இதே? இது ஏதோ கடன் குடுக்கிற கள்ளற்றை எண்டெல்லோ நினைச்சனான் பிள்ளை. வந்த நம்பரையும் அடிக்கேல்லை. தெரியாத பேரில வந்தா அடிக்க வேண்டாமெண்டு பாங்கில சொன்னவை."

அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. பிழை முழுக்க எங்கள் பக்கம்.

ரீபிராண்டிங் என்றால் லோகோ மாற்றுவது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். இதை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்! லோகோ என்பது கடையின் பெயர்ப்பலகை. பலகையை மாற்றினால் கடைக்குள் இருக்கும் நல்லதோ கெட்டதோ மாறாது. ஆனால் பலகையைப் பார்த்து வருகிறவன் வழி தவறிப் போய்விடுவான். அமெரிக்காவில் ட்ராபிகானா தோடம்பழச் சாற்றுக்கு 2009 ஜனவரியில் புதுப் பெட்டி போட்டார்கள். உள்ளே அதே சாறு. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது, பெப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். ஆட்கள் பெட்டியில் இருந்த பெயரை வாசித்து எடுத்ததில்லை. ஸ்ட்ரோ குத்திய தோடம்பழப் படத்துக்குக் கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. சுன்னாகத்து அம்மாவின் விரலும் அப்படித்தான் பச்சைக்குப் போனது. உங்கள் பிராண்ட் அந்த விரலின் பழக்கத்தில் இருக்கிறது. வடிவமைப்பாளர் அனுப்பிய கோப்பில் அதைத் தேட வேண்டாம்.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு வசனம்: "எல்லாம் முடிஞ்சுது, நீங்கள் கடைசியாக் கொஞ்சம் வடிவாக்கித் தாங்கோ." பயனர் அனுபவம் கடைசியில் பூசும் பெயின்ற் இல்லை. அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். வாடிக்கையாளரின் மீதிப் பணத்துக்கு மேலே 'சமநிலை' என்று எழுதியிருந்தது. ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். 'மீதி' என்று எழுத எவ்வளவு நேரம் போகும்? 'மீளப்பெறு' பொத்தானில் மேல்சுழி வெட்டுப்பட்டு 'மிளப்பெறு' போலத் தெரிந்தது, புள்ளிகளையும் காணவில்லை. வரி உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்தால் தமிழ் மேலும் கீழும் அறுபடும். தலைப்புகளில் ஆங்கிலத்துக்குப் போடுவது போல எழுத்திடைவெளி விட்டதால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். வடிவமைப்புப் படிக்கிற தம்பி தங்கச்சிமாரே, தமிழில் அதைப் பூச்சியத்தில் விடுங்கள்.

பதிவுப் படிவம் இன்னும் மோசம். அடையாள அட்டைக்கு 12 இலக்கம் மட்டும்தான் ஏற்கும். 2016க்கு முன் எடுத்தவர்களின் அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் அல்லவா? கடைக்காரர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர். பெயருக்கு 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டாயப் பெட்டி. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிற ஊரில் இரண்டாவது பெட்டியில் எதைப் போடுவது? ஒரே பெட்டியாக 'முழுப்பெயர்' என்று வையுங்கள், முடிந்தது.

மாற்றத்தான் வேண்டுமென்றால் மாற்றுங்கள், நானே என் நிறுவனத்தில் முன்னின்று செய்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இரவில் செய்யாதீர்கள். முதலில் பழைய மாஸ்க்கிலிருந்தே செய்தி அனுப்புங்கள்: இன்ன திகதியிலிருந்து எங்கள் பெயர் இது என்று. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துதான், 'கொ' என்பதையே இரண்டாக எண்ணும், ஆகவே இரண்டு செய்திக் காசு போகும். போகட்டும். ஐகனில் பழைய நிறத்தைச் சில மாதமாவது வைத்திருங்கள். புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயர் இருக்கட்டும். கூகுள் ப்ளேயில் செயலியின் பக்கேஜ் பெயரை, அதாவது அதை அடையாளம் காட்டும் உள்பெயரை, ஒருமுறை வெளியிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதற்காகப் புதுச் செயலியாக ஏற்றிவிடாதீர்கள்: பழைய பயனருக்கு அப்டேற் போகாது, சேர்த்த மதிப்பீடுகளும் போய்விடும். பெயரை அறிவிக்க முன்னரே தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அந்தப் பெயர் வேறு யாருக்கும் வணிகக் குறியாகப் பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறைந்தால் மத்தியான வெயிலில் சந்தையில் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஐந்து பேர். ஐந்து பயனரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் தெரிந்துவிடும் என்று பயனர் அனுபவ ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். உங்கள் அலுவலகத்துப் பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைக்குப் போங்கள், ஃபோனைக் கையில் கொடுங்கள், வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

அந்த ஸ்டார்ட்அப் பழைய மாஸ்க்கை மீண்டும் போட்டுவிட்டது. ஓடர் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. புது ஐகன்கள் மூன்றை, எல்லாம் பச்சையில், அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு நாங்கள் மறுபடி சுன்னாகம் போகிறோம்.