எந்திரத்துணைக் கைமீட்சிப் பயிற்சி: சொல் விளக்கம்

பக்கவாதத்தில் கை செயலிழந்தவர்களுக்கு எந்திரத்தின் துணையோடு அளிக்கப்படும் பயிற்சியை 'ரோபோ தெரபி' என்றும் 'ரோபோட்டிக் கை மறுவாழ்வு சிகிச்சை' என்றும் பலவாறு எழுதக் காண்கிறோம். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த பெயர்கள் இவை. பயிற்சியில் என்ன நடக்கிறது என்பதை இவற்றைக் கொண்டு அறிந்துகொள்ள முடியாது.

நோயின் பெயரில் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோக்' என்றால் அடி. திடீரென அடித்து வீழ்த்துவது என்ற பொருளுடைய பழைய கிரேக்கப் பெயரின் கருத்தே அதிலும் இருக்கிறது. தமிழில் பக்கம் என்பது உடலின் ஒரு பாதி, வாதம் என்பது காற்று. 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று குறள் சொல்லும் மூன்றில் முதலாவது. ஈழத் தமிழர் வழங்கும் பாரிசவாதத்திலும் பாரிசம் என்பது பக்கமே. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் வருகிறது என்று இன்று அறிந்திருக்கிறோம் என்றாலும், எல்லோருக்கும் விளங்கும் இப்பெயரை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

ரோபோ என்ற சொல்லின் பிறப்பு நன்கு பதிவானது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதி, 1921-இல் பிராக் நகரில் மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தின் வழியாக அது உலகெங்கும் பரவியது; சொல்லைத் தந்தவர் அவருடைய தமையன் யோசெஃப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது நிலக்கிழாருக்குக் குடிமக்கள் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பைக் குறித்தது. நம் சோழர்காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல் ஏறக்குறைய இதே பொருளுடையது. ஆகவே ரோபோ என்றால் நமக்காக வெட்டிவேலை செய்வது என்பதே அதன் வேர்ப்பொருள். பக்கவாதப் பயிற்சியில் வேலை தலைகீழாகிறது: அங்கே உழைக்க வேண்டியவர் நோயாளி, அவரை உழைக்கவைப்பது எந்திரம்.

'இயந்திர மனிதன்', 'எந்திரன்' என்ற வழக்குகளும் இங்கே பொருந்தா. 'அன்' விகுதி சேர்ந்ததும் ஆள் உருவம் மனத்தில் தோன்றிவிடுகிறது. பயிற்சிக் கருவிக்கோ முகமும் இல்லை, காலும் இல்லை. எந்திரம் என்றாலே போதும். வடமொழி வழியே வந்ததாயினும் சங்க காலத்திலேயே தமிழில் வேரூன்றிய சொல் அது. ஐங்குறுநூற்றின் 55-ஆம் பாட்டில் 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்று கரும்பாலையின் ஓசை யானையின் பிளிறலுக்கு எதிர்க்குரல் கொடுக்கிறது.

கருவியை அருகிலிருந்து பார்ப்போம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், எர்மானோ இகோ கிரெப்ஸ் ஆகியோர் உருவாக்கி, 1990-களில் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கிய எம்ஐடி-மேனஸ் இவ்வகையில் முன்னோடி. லத்தீனில் 'மேனஸ்' என்றால் கை. நோயாளி மேசைமுன் அமர, முன்கை ஒரு தொட்டிலில் கிடத்தப்பட்டு, விரல்கள் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டப்படுகின்றன. திரையின் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிக் கடிகார எண்களைப் போல எட்டுப் புள்ளிகளும் தெரிகின்றன. நடுவிலிருந்து ஒரு புள்ளிக்குக் கையை நகர்த்த வேண்டும், திரும்ப வேண்டும். கை கிளம்பாவிட்டால் எந்திரம் சற்றுப் பொறுத்து மெல்ல அழைத்துச் செல்கிறது. வழி தவறினால் அணைத்துத் திருப்புகிறது. நோயாளி தாமாகத் தள்ளும்போது எதிர்த்து நிற்காமல் இழைந்து கொடுக்கிறது. தொழிற்சாலைகளில் இரும்பைப் பற்றவைக்கும் விறைப்பான எந்திரக் கையிலிருந்து இதை வேறுபடுத்துவது இந்த நெகிழ்வே. ஓர் அமர்வில் ஆயிரம் முறைக்கு மேல் இப்படிக் கையை நகர்த்தலாம். இயன்முறை மருத்துவர் ஒருவர் தம் கையால் தாங்கிப் பிடித்து அத்தனை முறை செய்விப்பது அரிது.

தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவுவது என்ற இக்கோட்பாட்டை 'துணை' என்ற சொல் சரியாகத் தாங்குகிறது. துணை வருபவர் நமக்காக நடப்பதில்லை, கூடவே நடக்கிறார். 'உதவியுடன்' என்பதைவிடத் 'துணை' என்பதை நான் விரும்புவது அதனால்தான்.

'ரிஹேபிலிட்டேஷன்' என்ற சொல்லே பெரிய இடர். தகுதியுடையது என்ற பொருள்தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த அது, இடைக்கால ஐரோப்பாவில் பதவியோ உரிமையோ இழந்தவருக்கு அதைத் திரும்ப அளிப்பதைக் குறித்த சட்டச்சொல். தமிழில் மறுவாழ்வு என்றதும் குடியை விடுவிக்கும் மையமோ ஏதிலியர் முகாமோ நினைவுக்கு வருகிறது. இலங்கையில், போர் முடிந்து சரணடைந்த போராளிகள் அடைத்துவைக்கப்பட்ட முகாம்களுக்கும் அதுவே பெயரானதால், புனர்வாழ்வு என்பது 2009-க்குப் பிறகு சுமக்கும் பொருள் இன்னும் கனமானது. பக்கவாதம் கண்டவர் வாழ்வை இழந்தவர் அல்லர். அவருடைய கை மீள வேண்டும், அவ்வளவே. மீட்பது மீட்பு, அதைப் பிறர் செய்யலாம். மீள்வது மீட்சி, அது தானே நிகழ வேண்டும். சேதமுற்ற பகுதியின் வேலையை மூளையின் பிற பகுதிகள் திரும்பத் திரும்பச் செய்து பழகி ஏற்பதால் வருவதற்கு மீட்சி என்பதே தகும்.

இனிக் கை. தமிழில் தோள் தொடங்கி விரல்நுனிவரை எல்லாம் கைதான். இது எளிமை, ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: மேலே சொன்ன மேசைப் பயிற்சி தோளையும் முழங்கையையும் மட்டுமே பழக்குகிறது. 'கை விளங்கவில்லை' என்று நம் வீடுகளில் சொல்கிறார்களே, அந்த விளங்குதல் வெறும் அசைவன்று. சோறு பிசைவதும், சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைப்பதும், டம்ளரைச் சாய்க்காமல் வாய்வரை கொண்டுபோவதும் சேர்ந்ததே விளங்குதல். 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வு இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டியது. பக்கவாதம் கண்ட 770 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடமாக, 12 வாரம் எந்திரப் பயிற்சி அளித்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுடைய கையின் அசைவுத் திறன் ஓரளவு மேம்பட்டது. ஆனால் பொருள்களை எடுத்துக் கையாளும் திறன் கூடவில்லை. கை அசைந்தது, விளங்கவில்லை. ஆய்வாளர்கள் பக்கம்பக்கமாக விளக்கும் இதை நம் பேச்சுமொழி இரண்டு வினைகளில் பிரித்து வைத்திருக்கிறது. 'சிகிச்சை' என்னாமல் 'பயிற்சி' என்று முடிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். சிகிச்சை என்று கேட்பவர் எந்திரம் குணமாக்கிவிடும் என்று நம்பிக் காத்திருப்பார்.

எழுத்தில் 'எந்திரத்துணைக் கைமீட்சிப் பயிற்சி' என்று வழங்கலாம். இத்தனை நீளமான தொடர் நோயாளியின் வீட்டாரிடம் பேச உதவாது. அவர்களிடம் "மெஷின்ல கையை வெச்சுப் பழகணும், நீங்களாத் தள்ளப் பாருங்க, முடியாதப்ப அது இழுத்துக் குடுக்கும்" என்று சொன்னால் போதும்.