‘பப்’ என்றால் மதுவிடுதியா?

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்து வயதான கப்பல்காரர்கள் மூடிப்போன தங்கள் பப்களை நினைத்துப் பேசுவது தமிழில் வரும்போதெல்லாம் ‘மதுவிடுதி’ என்ற சொல் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘மாலுமி விடுதியிலிருந்து மதுவிடுதிக்குப் போனோம்’ என்றே இருந்தது. ஒரு விடுதியைக் காலி செய்துவிட்டு இன்னொன்றில் அறை எடுத்தார்களாக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். ஊரார் யாரும் நுழையலாம் என்ற அனுமதியோடு மது விற்ற வீடு. 1830இல் வந்த ‘பீர் வீட்டுச் சட்டம்’, வரி கட்டும் எவரும் 2 கினி (அந்நாள் ஆங்கிலப் பணம்) கொடுத்து உரிமம் வாங்கித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றது. அப்புறம் தெருவுக்குத் தெரு பீர் வீடுதான். வேர் அவ்வளவே.

விடுதி என்றால் தங்கும் இடம். குடிக்க மதுவும் தங்க அறையும் தரும் ஆங்கிலேயரின் ‘இன்’ அப்படிப்பட்டது. அதை மதுவிடுதி என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் லிவர்பூலில் கப்பல்காரர் தங்குவதற்கென்றே கேனிங் பிளேஸில் 1850இல் ‘செய்லர்ஸ் ஹோம்’ என்ற மாலுமி விடுதி திறக்கப்பட்டது. கரை இறங்கியவர்களின் சம்பளத்தைக் கறக்கும் தரகர்களிடமிருந்தும் குடியிலிருந்தும் அவர்களைக் காப்பாற்றக் கட்டிய இடம் அது. அதற்கும் விடுதி, எதிலிருந்து காப்பாற்றினார்களோ அதற்கும் விடுதியா?

‘சாராயக்கடை’ இன்னும் மோசம். சாராயம் காய்ச்சி வடிப்பது. அந்தக் கப்பல்காரர்கள் பெரும்பாலும் குடித்தது பீர். கடை என்பதோ காசைக் கொடுத்துப் பாட்டிலை வாங்கிக்கொண்டு நகரும் இடம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்குக் குடிக்கும் இடம் என்றதும் டாஸ்மாக்தான் கண்ணில் தெரிகிறது, பாவம். ‘பார்’ என்றும் எழுதுகிறார்கள். விற்பவருக்கும் குடிப்பவருக்கும் நடுவே கிடந்த தடுப்புக் கட்டைக்குப் பெயர் பார். பிறகு அது இருந்த அறைக்கும் அதுவே பெயரானது. ஒரே பப்பில் உழைப்பாளிகளுக்கு ஒரு பார், கொஞ்சம் வசதியானவர்களுக்குக் கம்பளம் விரித்த இன்னொரு பார் என்று இரண்டு இருக்கும். ‘அருந்தகம்’ என்பதில் காபிதான் மணக்கிறது.

இவை எல்லாவற்றிலும் விட்டுப்போவது வீடு. உரிமம் பெற்றவரின் பெயர் வாசலுக்கு மேலே எழுதியிருக்கும். பெரும்பாலும் அவர் குடும்பம் மாடியிலேயே குடியிருக்கும். மாதக்கணக்கில் கடலில் கிடந்தவனுக்கு அது தெரிந்த முகங்கள் இருக்கும் இடம். 1956 வரை தலைக்கு மேலே பாலத்தில் ரயில் ஓடிய, துறையோரத்து டாக் ரோட்டில் அப்படிப்பட்ட பப்கள் வரிசையாக இருந்தன. சரக்கை ஆட்கள் சுமந்து இறக்கிய காலத்தில் கப்பல் நாட்கணக்கில் துறையில் நின்றது. கொள்கலன் வந்தபின் மணிக்கணக்கு ஆகிவிட்டது. கரையில் கால் வைக்கவே நேரமில்லை, சுமந்தவர்களுக்கும் வேலையில்லை. 1972இல் ஊரின் தெற்குத் துறைகள் மூடப்பட்டன. அங்கே வாப்பிங் தெருவில் உள்ள ‘பால்டிக் ஃபிளீட்’ என்ற பப் போல ஒன்றிரண்டு தப்பின. அந்தக் கிழவர்கள் ஏங்குவது இந்த வீடுகளுக்காக. ‘மதுவிடுதி மூடப்பட்டது’ என்று எழுதினால் மதுவிலக்குச் செய்தி மாதிரி இருக்கிறது.

தமிழில் சொல் இல்லாமலும் இல்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கள் விற்கும் வீட்டைப் ‘பலர் புகு மனை’ என்கிறது. அதன் வாசலில் ‘நறவு நொடைக் கொடி’, அதாவது கள் விற்பதைச் சொல்லும் கொடி, பறக்கிறது. பலர் புகும் மனை! ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதற்கு, அதுவும் ஒரு துறைமுகத்தில், இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் ‘பலர்புகுமனை’ இன்றைய உரைநடைக்கு நீளம். ‘பொதுமனை’ என்று சுருக்கினால் பொதுமகளிர் நினைவுக்கு வந்து தொலைக்கும். ‘குடிமனை’ ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு உரியது. ஆகவே ‘மதுமனை’ என்பதே என் கட்சி. இலங்கையில் புழங்கும் ‘தவறணை’ உயிருள்ள சொல்தான். ஆனால் அது குடிக்கும் இடத்தைக் குறிக்கும் ‘டாவர்ன்’ என்ற ஐரோப்பியச் சொல்லின் வழி வந்தது, அங்கே கள்ளோடு ஒட்டிவிட்டது.

பேச்சு வழக்கில் பேசுகிறவர் வாயில் ‘பப்’ என்றே விடலாம், தப்பில்லை. நான் தனித்தமிழ்க்காரன்தான், ஆனாலும் தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல். பப்களின் பெயர்களை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். ‘பால்டிக் ஃபிளீட்’டைப் ‘பால்டிக் கப்பற்படை’ ஆக்கினால், கப்பல்காரர்கள் குடிக்கப் போனார்களா, போருக்குப் போனார்களா?